எக்செல் கேஜ் சார்ட்டில் முள் தப்பான இடத்தில் நிற்கிறது, உதவி வேண்டும்

பொன்னிநெல்:
வணக்கம். எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் காலையில் மேட்டூர் அணை நீர்மட்டத்தை நான்தான் போடுகிறேன். வெறும் எண்ணாகப் போட்டால் பலர் கவனிப்பதில்லை. ஸ்பீடோமீட்டர் மாதிரி அரைவட்டத்தில் முள்ளோடு ஒரு படம் அனுப்பலாம் என்று எக்செல்லைத் திறந்தேன். அதில் அப்படி ஒரு சார்ட் வகையே இல்லை. அப்புறம் ஒரு வீடியோவைப் பார்த்து டோனட் சார்ட்டையும் (நடுவில் ஓட்டையுள்ள வளையம்) பை சார்ட்டையும் (துண்டுகளாகப் பிரித்த வட்டம்) சேர்த்துச் செய்தேன்.

அணையின் முழு அளவு 120 அடி. அதனால் டோனட்டுக்கு 60 சிவப்பு, 30 மஞ்சள், 30 பச்சை, கீழ்ப் பாதிக்கு நிறமில்லாமல் 120 என்று கொடுத்தேன். முள்ளுக்கான பையில் மூன்று செல்கள்: பி7-ல் நீர்மட்டம், பி8-ல் முள்ளின் அகலம் 2, பி9-ல் மீதி. சோதனைக்கு 90 போட்டேன். மஞ்சளும் பச்சையும் சேரும் கோட்டில் முள் நிற்க வேண்டும். ஆனால் பச்சைக்குள் பாதியையும் தாண்டி நிற்கிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. இதைப் பார்த்துத்தான் சிலர் நாற்றங்கால் விடும் நாளை முடிவு செய்வார்கள், தப்பாக அனுப்ப மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
பி9-ல் என்ன பார்முலா இருக்கிறது தம்பி? ஆங்கிள் ஆஃப் ஃபர்ஸ்ட் ஸ்லைஸ், அதாவது முதல் துண்டு தொடங்கும் கோணம், டோனட், பை இரண்டுக்கும் 270 வைத்தீர்களா? முள்ளின் பை செகண்டரி ஆக்ஸிஸில் (இரண்டாவது அச்சில்) இருப்பதால் அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். டோனட்டைத் திருப்பினால் அது கூடவே திரும்பாது.

பொன்னிநெல்:
இரண்டுக்கும் 270 வைத்துவிட்டேன் சார். பி9-ல் =200-பி7-பி8 என்று இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் சிக்கல். அந்த வீடியோவில் 0 முதல் 100 வரை அளவு வைத்திருப்பார்கள். மேல் பாதி 100, கீழ்ப் பாதி 100, ஆக 200. உங்களுடையது 120-ம் 120-ம், ஆக 240. டோனட் 240-க்குச் சுற்றுகிறது, பை 200-க்குச் சுற்றுகிறது. 90-ஐ 200-ல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் 162 டிகிரி வருகிறது. வரவேண்டியது 135. அந்த 162 டிகிரி உங்கள் அளவில் 108 அடி. அணையில் 90 அடி இருக்கும்போது படம் 108 என்று காட்டுகிறது! நல்ல வேளை, அனுப்பும் முன் கவனித்தீர்கள்.

பி9-ஐ =240-பி7-பி8 என்று மாற்றுங்கள். இரண்டு வளையத்தின் கூட்டுத்தொகையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். முள் தப்பும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பொன்னிநெல்:
மாற்றினேன். இப்போது கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நூலிழை பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

வெள்ளாற்றுக்கரை:
அது முள்ளின் அகலத்தால் வருவது. உங்கள் முள் 90-ல் தொடங்கி 92-ல் முடிகிறது, அதன் நடு 91. அகலத்தில் பாதியை முன்னாலேயே கழித்துவிடுங்கள். நீர்மட்டத்தை பி6-ல் தட்டச்சு செய்து, பி7-ல் =மேக்ஸ்(0,மின்(பி6,120)-பி8/2) என்று கொடுங்கள். மின் (MIN) இரண்டில் சிறிய எண்ணை எடுக்கும், மேக்ஸ் (MAX) பெரியதை எடுக்கும்; இரண்டையும் எக்செல்லில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

மின் எதற்கென்றால், வெள்ளக் காலத்தில் மட்டம் 120-ஐக் கொஞ்சம் தாண்டினாலும் முள் அரைவட்டத்துக்குக் கீழே இறங்காது. மேக்ஸ் இல்லாவிட்டால், 0 போடும்போது பி7 மைனஸில் போகும். பை சார்ட் மைனஸைப் பிளஸாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. முள் மெல்லியது, மவுஸால் பிடிபடாது. பையை ஒரு தடவை கிளிக் செய்து தேர்ந்தெடுத்துவிட்டு, கீபோர்டில் வலது அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு துண்டாக நகரும். முள்ளுக்குக் கறுப்பு நிறம், மற்ற இரண்டுக்கும் நோ ஃபில் (நிறமில்லை).

பொன்னிநெல்:
அண்ணா, அச்சாக வந்துவிட்டது! 0, 60, 90, 120 நான்கும் போட்டுப் பார்த்தேன். 60-ம் 90-ம் நிறம் மாறும் கோட்டிலேயே நிற்கின்றன. 0-ல் மட்டும் முள் பாதி அகலம் உள்ளே தள்ளி நிற்கிறது. அது பரவாயில்லை. இதையே போனில் செய்ய வழி உண்டா?

வெள்ளாற்றுக்கரை:
கூகுள் ஷீட்ஸில் கேஜ் சார்ட் தயாராகவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு தடவை செய்து வைத்தால் போதும், அப்புறம் போனில் எண்ணை மட்டும் மாற்றலாம். குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 120, நிற எல்லைகள் என்று கட்டங்களில் நிரப்பினால் முடிந்தது. அரைவட்டமாக வராது, முழு டயலாக வரும்.

கணக்குப்பிள்ளை:
சார்ட் சரியாகிவிட்டது, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 90 அடி என்றால் முள் முக்கால்வாசியில் நிற்கும். பார்ப்பவர் தண்ணீரும் முக்கால்வாசி இருக்கிறது என்று நினைப்பார். அணை அடியில் குறுகல், மேலே அகலம். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). 90 அடியில் இருப்பது 52 டிஎம்சியை ஒட்டித்தான், பாதிக்குச் சற்று மேல். ஜூன் 12-ல் குறுவைக்குத் திறப்பார்களா என்று கணக்குப் போடுகிறவருக்கு அடியைவிட டிஎம்சிதான் முக்கியம். என்னைக் கேட்டால், பக்கத்திலேயே இருப்புக்கும் ஒரு கேஜ் வையுங்கள்.

பொன்னிநெல்:
நியாயம் சார், இது எனக்குத் தோன்றவே இல்லை. இருப்புக்குச் செய்யும்போது 240-க்குப் பதில் 186.94 வர வேண்டும், மின்னுக்குள் 120-க்குப் பதில் 93.47, சரிதானே?

கணக்குப்பிள்ளை:
சரிதான். டோனட்டின் கீழ்ப் பாதியையும் 93.47 ஆக்க மறக்காதீர்கள். நிறத் துண்டுகள் மூன்றும் கூட்டினால் அதே 93.47 வர வேண்டும். முள்ளின் அகலத்தை 1.5 ஆக்கினால் இரண்டு முள்ளும் ஒரே தடிமனாகத் தெரியும்.

பொன்னிநெல்:
செய்துவிட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கீழே அடியும் டிஎம்சியும் எண்ணாகவும் போட்டிருக்கிறேன். நாளைக் காலைப் பதிவிலிருந்து இதுதான் போகும். இருவருக்கும் நன்றி.