புதுப்பிப்பு: ஆல்டர்னேட்டரை மாற்றவில்லை, பிரஷ்ஷை மட்டும் மாற்றினேன்

ஓடும்போதே எங்கள் காரின் பேட்டரி விளக்கு எரிகிறது, ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) பழுது பார்ப்பதா, புதிதாகவே வாங்கிப் போடுவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

எஞ்சின் ஓடுகையில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தபோது, 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டிய இடத்தில் 12.1 மட்டுமே காட்டியது. பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. பேட்டரியின் நெகடிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு (ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த வயரில் எஞ்சின் நின்றிருந்தாலும் மின்சாரம் இருக்கும் என்பதால் இதைத் தவறவிடவே கூடாது), ஆல்டர்னேட்டரை இறக்கி அதன் பின்மூடியைத் திறந்தேன். கார்பன் பிரஷ்களில் (சுழலும் வளையத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கரித் துண்டுகள்) ஒன்று 3 மில்லிமீட்டராகத் தேய்ந்து, அந்த வளையமான ஸ்லிப் ரிங்கைச் சரியாகத் தொடாமல் நின்றது. சுற்றிலும் கரித்தூள் படிந்திருந்தது. ரிங்கில் பள்ளம் விழாததாலும், புல்லியைக் கையால் சுற்றியபோது பேரிங்கில் கரகரப்பு இல்லாததாலும், வோல்ட் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோடு சேர்ந்து வரும் பிரஷ் தொகுதியை மட்டும் வாங்கி மாட்டினேன்.

இப்போது 14.2 வோல்ட் வருகிறது. ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்து ஓடினாலும் 13.9க்குக் கீழே இறங்கவில்லை. பேரிங்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடும் சேர்ந்து போயிருந்தால், பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரும் சால்டரிங் பழக்கமும் இல்லாமல் வீட்டில் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நிலையில் முழுவதையும் மாற்றுவதே சரி. ஸ்டார்ட்டர் (எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார்) பற்றிக் கேட்ட நண்பருக்கு: சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தால், மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் சுத்தம் செய்து பாருங்கள்.