கணக்கில் முந்தி ஓடும் பிள்ளைக்கு மதுரையில் பேச்சுத்துணை எங்கே?

செல்லூர் அம்மா:
மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தானாகவே போட்டு முடித்துவிட்டாள். பகா எண்கள் ஏன் தீர்ந்துபோவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதைப் பேச வகுப்பில் ஆள் இல்லை, இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வகுப்பு தாண்டிப் போடுங்கள் என்கிறார் டீச்சர். சென்னைக்குக் குடிபோ என்கிறார் என் அண்ணன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

திருமங்கலம் வாத்தியார்:
வகுப்பு தாண்டவே வேண்டாம் அம்மா. கணக்கில் சமமாக இருப்பாள், சரி. எழுதும் வேகத்தில், விளையாட்டில், பெரிய பிள்ளைகளின் பேச்சில்? அமெரிக்காவின் குழந்தை மேதை வில்லியம் சைடிஸ் 1909இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். பத்திரிகைகள் விடாமல் துரத்தின. வளர்ந்ததும் கணிதத்தை விட்டு விலகி, சின்ன குமாஸ்தா வேலைகளில் காலத்தைக் கழித்தார். தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடட்டும், அது போதும்.

வைகைக்கரையான்:
சார், போதாது. ஆசையாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் பேச ஆளே இல்லாவிட்டால் பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடும். கணித மேதை டெரன்ஸ் டாவோவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் சிறு வயதிலேயே கணக்குக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார், மற்ற பாடங்களுக்குக் கொஞ்ச காலம் ஆரம்பப் பள்ளியிலேயே இருந்தார். 1986இல் பத்து வயதில் உலகக் கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம், 2006இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். பெற்றோர் அவசரப்படவில்லை.

திருமங்கலம் வாத்தியார்:
அங்கே முடியும். இங்கே மூன்றாம் வகுப்புக் கணக்குப் பீரியடும் ஏழாம் வகுப்புக் கணக்குப் பீரியடும் ஒரே நேரத்தில் வருமா? ஒரு பிள்ளைக்காக எந்தப் பள்ளி டைம்டேபிளை மாற்றும்?

ரிசர்வ்லைன் அப்பா:
அதனால்தான் அவர் அண்ணன் சொல்வது சரி என்கிறேன். ராமானுஜன் கும்பகோணத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1913இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 1914இல் கேம்பிரிட்ஜ் போன பிறகுதானே அவருக்குச் சமமான ஆள் கிடைத்தார். ஊரை மாற்றத் தயங்கினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

வைகைக்கரையான்:
அண்ணே, ஹார்டிக்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்களே. 1910இல் ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோயிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குப் புரிந்தது. 1911இல் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. ஹார்டி கிடைப்பதற்கு முன் ஒரு சின்ன ஊர் அதிகாரிதான் கிடைத்தார்.

எட்டு வயதுக்கு ஹார்டி தேவையில்லை அக்கா. சமமான ஆள் என்றால் அதே வயதில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் என்று நம் ஊரிலேயே எத்தனை கணிதத் துறைகள்! கணிதம் படிக்கும் ஒரு மாணவி வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இருக்கிற பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டிப் பார் என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருக்கட்டும். அந்த எண்ணை அவற்றில் எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்பதை அவளே கண்டுபிடிப்பாள். அப்படியென்றால் அந்தப் பட்டியலில் இல்லாத இன்னொரு பகா எண் எப்போதும் உண்டு. பழங்கால கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சொன்ன வழி அதுதான்.

வயதொத்த கூட்டத்துக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக நடத்தும் அறிவியல் மன்றங்களான துளிர் இல்லங்கள் இருக்கின்றன. புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது.

ரிசர்வ்லைன் அப்பா:
ராமசாமி ஐயர் திருக்கோயிலூரில் இருந்தது ராமானுஜனின் அதிர்ஷ்டம் தம்பி. அதிர்ஷ்டத்தை நம்பிப் பிள்ளையை வளர்க்க முடியாது. பத்தாம் வகுப்புக்குள் சென்னைதான் என்பதில் நான் மாறவில்லை.

திருமங்கலம் வாத்தியார்:
வாரம் ஒரு மணி நேரம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாயங்கால விளையாட்டு நேரத்தை எடுக்காதீர்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள் அம்மா.

செல்லூர் அம்மா:
பக்கத்துத் தெருவில் லேடி டோக்கில் எம்எஸ்சி கணிதம் படிக்கும் பெண் இருக்கிறாள் சார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடியுமா என்று இன்றைக்கே கேட்கிறேன்.