வாசக்டமி (ஆண் கருத்தடை ஆபரேஷன்) முடிந்து எட்டு மாதம், வலி நிற்கவில்லை

கேள்வி: வயது 36. மனைவிக்கு இரண்டும் சிசேரியன், அவள் உடம்பில் இன்னொரு கத்தி வேண்டாம் என்று நானே தழும்பில்லாத வாசக்டமி செய்துகொண்டேன். இப்போது இடது விதையில் மந்தமான வலி, பைக் வேகத்தடையில் ஏறினால் அடிவயிறு வரை சுண்டி இழுக்கிறது, உறவுக்குப் பிறகு இரண்டு நாள் கனக்கிறது. ஆபரேஷன் செய்த இடத்தில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். யாருக்காவது இப்படி இருந்ததா?

பதில் 1: மனசு இல்லை தம்பி, எனக்கும் இருந்தது. நாள்பட்ட வலி 1 முதல் 2 சதவீதம் பேருக்கு வரலாம் என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. முன்கூட்டியே எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போடுங்கள், எனக்கு அதுவே பாதி ஆறுதல்.

பதில் 2: நான் நர்ஸ். வாசக்டமிக்குப் பிறகும் விந்தணு உற்பத்தி நடக்கும், வழி அடைபட்டதால் விதைக்குப் பின்னால் உள்ள குழாய்ச் சுருளில் தேங்கி வீங்கலாம், வெட்டிய முனையில் கசிந்து முடிச்சாகலாம், நரம்பு தழும்பில் சிக்கலாம். யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்பு டாக்டர்) பார்த்து ஸ்கேன் எடுங்கள். மாத்திரை கேட்கவில்லையென்றால் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள், அதில் வலி அடங்கினால் அந்த நரம்புகளைத் துண்டிக்கும் சிகிச்சை இருக்கிறது. சிலருக்குக் குழாயைத் திரும்ப இணைத்தாலும் குறையும். திடீரென்று கடுமையாக வலித்து வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேட்டவர்: இன்று குளிக்கும்போது தடவிப் பார்த்தேன், இடது பக்கம் பட்டாணி அளவு முடிச்சு, அழுத்தினால் அதே வலி. சரி, திங்கட்கிழமை யூராலஜிஸ்டிடம் போகிறோம், மனைவியும் வருகிறாள்.