இயற்கை மருத்துவர்கள் பிரசவம் பார்க்கலாமா? நேரில் கண்டதைப் பகிருங்கள்

பி.என்.ஒய்.எஸ். மருத்துவர், சேலம் மாவட்டம்:

பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் படித்துவிட்டு, அரசு மருத்துவமனை ஒன்றின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வரும் நாள். பட்டாம்பூச்சி ஆசனம், பூனை ஆசனம், மூச்சை அடக்காமல் நீளமாக வெளிவிடும் பயிற்சி எல்லாம் சொல்லிக் கொடுப்போம். பிரசவ அறைக்குள் எங்களுக்கு வேலை கிடையாது. ஐந்தரை வருடப் படிப்பில் மகப்பேறு ஒரு பாடமாக இருந்தாலும், கையால் குழந்தையை ஏந்திப் பழகும் வாய்ப்பு கிடைப்பதில்லை.

மகப்பேறு மருத்துவரிடம் அனுமதி வாங்கி ஒருநாள் உள்ளே நின்றேன். தலைப்பிரசவம், இருபது வயதுப் பெண். மல்லாக்கப் படுத்துக்கொண்டு வலியில் கட்டிலின் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அடி இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வலி வரும்போது வாயால் மெதுவாக ஊதச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. “அக்கா, கையை எடுக்காதீங்க” என்றாள். அந்த வேலையை நான் முழு மனதோடு நம்புகிறேன். அதற்கு மருந்து செலவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. நர்ஸ் வயிற்றில் டாப்ளர் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். வலி விட்ட பிறகும் துடிப்பு நிமிடத்துக்கு நூறுக்குக் கீழேயே நின்றது. 110-க்குக் குறையக் கூடாது என்பது எனக்கும் தெரியும், புத்தகத்தில் படித்ததுதான். அந்த எண்ணைக் கேட்டதும் என்ன செய்வது என்று அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணை மறுபக்கம் திருப்பினார், டாக்டரைக் கூப்பிட்டார், கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தார். தாயும் பிள்ளையும் நலம். மூச்சும் ஒத்தடமும் மட்டும் தெரிந்த ஒருவர் அங்கே தனியாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். ஆபரேஷன் பயத்தில் எங்களிடம் வரும் பெண்களுக்கு ஆசனம் மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. எங்களுக்கு முறையான மருத்துவச்சிப் பயிற்சி வேண்டும். இங்கே யாராவது அப்படிப் பயிற்சி பெற்றவரிடம் பிரசவம் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் பக்கத்தில் வசிக்கும் ஓர் அம்மா:

நான் பார்த்திருக்கிறேன் டாக்டர். எங்கள் வீட்டிலிருந்து கென்மோர் பக்கம்தான். அங்கே பாஸ்டிர் பல்கலைக்கழகத்தில் இயற்கை மருத்துவம் சொல்லிக் கொடுக்கிறார்கள். சியாட்டில் மருத்துவச்சிப் பள்ளியும் 2010-இல் அதோடு இணைந்துவிட்டது. என் மருத்துவச்சி இரண்டு படிப்பையும் முடித்தவர், பிரசவம் பார்க்க மாநில உரிமம் தனியாக வைத்திருந்தார்.

முதல் சந்திப்பே ஒரு மணி நேரம். பிரசவ மையத்திலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தெந்தக் காரணத்துக்கு மாற்றுவார் என்பதை அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். இரட்டைக் குழந்தை, முன்பே ரத்த அழுத்தம் இருப்பவர் என்றால் ஏற்றுக்கொள்ளவே மாட்டாராம்.

பிரசவத்தின்போது வெந்நீர்த் தொட்டியில்தான் பாதி நேரம் இருந்தேன். குழந்தை பிறந்து, தொப்புள்கொடியில் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து வெட்டினார்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தப்போக்கு கொஞ்சம் கூடியது. ஒரு நொடி தயங்கவில்லை. தொடையில், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகும்வரை தேய்த்தார். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா, “இயற்கை வைத்தியம்னீங்க, ஊசி போடுறாங்களே” என்று கேட்டார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மருத்துவச்சி, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று பார்க்க ரத்தத் துணிகளை எடை போட்டுக்கொண்டே, “ரத்தம் நிற்கணும், அதுதான் இப்போ முக்கியம்” என்றார். கஷாயமெல்லாம் மறுநாள்தான் வந்தது.

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி:

2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்தாரே, அந்தச் சமயத்தில் நான் வேலையில் இருந்தேன். எங்கள் பகுதியிலும் ஸ்கேன் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம் என்று சில பேர் கிளம்பினார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினேன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் படித்த இயற்கை மருத்துவர்கள் இல்லை. பழி மட்டும் உங்கள் மேலும் விழுந்தது, அது நியாயமில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன் டாக்டரம்மா, கோபப்படக் கூடாது. பகலில் ஒருநாள் வந்து நின்றால் போதாது. ராத்திரி டியூட்டி பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் முக்கும்போது யாரை முதலில் பார்ப்பது என்பது அங்கேதான் பழகும். உட்கார்ந்து பெறுவதும் நடந்துகொண்டே வலி தாங்குவதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கட்டிலில் படுக்க வைத்துக் கத்தாதே என்று அதட்டியது நாங்கள்தான். அதை மாற்ற உங்களைப் போன்றவர்கள் உள்ளே வரவேண்டும், வேலை தெரிந்தவர்களாக வரவேண்டும்.

பி.என்.ஒய்.எஸ். மருத்துவர், சேலம் மாவட்டம்:

கோபமெல்லாம் இல்லைம்மா, நன்றி. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி மருத்துவச்சி செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி இருக்கிறது. அது செவிலியர்களுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் ஓரிகனில் பிரசவம் பார்க்க விரும்பும் இயற்கை மருத்துவர் அதற்கென்று தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். நம் ஊரிலும் அப்படி ஒன்று வரட்டும்: மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பில், முதலில் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு துணை செய்து, கடைசியில்தான் சொந்தக் கையால். அதுவும் மருத்துவமனைக்கு உள்ளேயே. அதற்கு முன் எங்களில் யாரும் தனியாகப் பிரசவம் பார்க்கக் கூடாது.

இரவுப் பணியில் கூட நிற்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சியாட்டில் சகோதரி, ஆஸ்பத்திரிக்கு மாற்றும் காரணங்களை எழுதிக் கொடுத்தாரே, அந்தத் தாள் உங்களிடம் இருந்தால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போட முடியுமா? எங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.