தன் சாவோலையைத் தானே சுமந்தவர்கள்: பெல்லரோபோனும் உரியாவும்

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டின் 6ஆம் காண்டத்தில், லிசிய வீரன் கிளாக்கஸ் தன் பாட்டன் பெல்லரோபோனின் கதையைப் போர்க்களத்தில் எதிரணி வீரன் டயமீடிஸிடம் சொல்லும் இடத்தைப் படித்தபோது, விவிலியத்தில் தனித்தனியே வரும் இரண்டு கதைகள் அங்கே ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டு வியந்தேன். மன்னன் புரோய்ட்டஸின் மனைவி அன்டெயா பெல்லரோபோன்மேல் ஆசைப்பட்டு, அவன் இணங்காததால் அவன்மீதே பழி போடுகிறாள். ஆதியாகமம் 39இல் போத்திபாரின் மனைவி யோசேப்புக்குச் செய்ததும் இதுவே. தன் கையால் கொல்ல அஞ்சிய மன்னன், கொல்லச் சொல்லும் குறிகளை மடக்குப் பலகையில் பொறித்து, அவனிடமே கொடுத்து, லிசியாவில் ஆளும் மாமனாரிடம் அனுப்புகிறான். 2 சாமுவேல் 11இல், தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளைக் கர்ப்பமாக்கிய தாவீது அரசன், உரியாவைச் சாகவிடச் சொல்லும் நிருபத்தை (கடிதத்தை) உரியாவிடமே கொடுத்தனுப்புவதும் இப்படித்தான். ஒரு மரபு மற்றதிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று கொள்ளலாமா?

மறுமொழி 1

நேரடியாக எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் இரண்டு கதைக்கருக்களுமே இவ்விரு நூல்களைவிட மூத்தவை. பழி போடும் மனைவி, கி.மு. 1200ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்தின் 'இரு சகோதரர்' கதையில் வருகிறாள். சாவோலையோ சுமேரியக் கதையொன்றில் இருக்கிறது. அதில் கீஷ் நகர மன்னன் ஊர்சபாபா, பின்னாளில் பேரரசனான சர்கோனைக் கொல்லும்படி எழுதிய களிமண் பலகையைச் சர்கோனிடமே கொடுத்தனுப்புகிறான்.

இவை எப்படிப் பயணம் செய்தன என்பதற்கு என் மனத்தைத் தொட்ட சான்று ஒன்று உண்டு. துருக்கியின் காஷ் ஊருக்கு அருகே உலுபுருன் முனையில் 1982இல் கண்டறியப்பட்ட, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலில், சைப்பிரஸ் செம்புக் கட்டிகளுக்கும் கானானியச் சாடிகளுக்கும் நடுவே, தந்தக் கீல் பூட்டிய, மெழுகு பூசி எழுதும் சிறிய மர மடக்குப் பலகை கிடைத்தது. மெழுகும் எழுத்தும் கடலோடு போய்விட்டன. அந்தக் கரை பழைய லிசியாவின் கரை. பெல்லரோபோன் ஓலை சுமந்து சென்ற நாடு அதுவே. சரக்கேறிய துறைமுகங்களில் கதைகளும் ஏறியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

மறுமொழி 2

மூலம் பற்றி ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒற்றுமையோடு நின்றுவிட்டால் இரு நூல்களின் உயிரையும் தவறவிடுவோம். லிசிய மன்னன் 9 நாள் விருந்து வைத்து, 9 எருதுகளை அறுத்து, 10ஆம் நாள்தான் ஓலையைக் கேட்கிறான். பிறகு கைமீரா என்ற கொடிய விலங்கு முதலிய ஆபத்துகளுக்கு அனுப்பியும் பெல்லரோபோன் வென்று திரும்ப, தன் மகளையே மணமுடித்துத் தருகிறான். புரோய்ட்டஸை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. அவன் ஏமாற்றப்பட்டவன் அல்லவா? தாவீதோ உரியா குற்றமற்றவன் என்று அறிந்தே எழுதுகிறான். உரியாவைக் காக்க எந்த அற்புதமும் நிகழவில்லை. தாவீதின் படை முற்றுகையிட்ட ரப்பா நகரின் மதிலருகே அவன் சாகிறான். அதன்பின் தீர்க்கதரிசி நாத்தான், அச்செயலைக் கண்டிக்க அரசன் முன் வந்து நிற்கிறான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை மறுபடி படித்தேன். கர்ப்பத்தை மறைக்க, தாவீது உரியாவைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறான். உடன் போரிடுவோர் வெட்டவெளியில் பாளயமிறங்கியிருக்கையில் நான் மட்டும் வீட்டுக்குப் போவேனா என்று சொல்லி, உரியா அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். தாவீது குடிக்கவைத்த இரவிலும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. நிருபம் அவன் கைக்கு வருவது மறுநாள் காலையில். அவன் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டான் என்ற உறுதியைத் தாவீதுக்குக் கொடுத்தவை அந்த இரவுகளே.