ஏலத் தளத்தின் புதிய கட்டணப் பக்கத்தை அணைக்க வழி உண்டா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். பழைய நேட்டால் தபால்தலைகளை இணைய ஏலத்தில் விற்று வருகிறேன். ஏலம் முடிந்த மறுகணமே வாங்குபவர் பணம் கட்டிவிடும்படி ஒரு பக்கத்தைத் தளத்தார் எங்களைக் கேளாமலே சேர்த்துவிட்டார்கள். ஐந்து தபால்தலைகளை வென்றவரிடம் ஒரே உறைக்கு ஐந்து முறை கூரியர் கட்டணம் பிடிக்கப்படுகிறது. அவர் என்னைக் கொள்ளைக்காரன் என்கிறார், நானோ நான்கு கட்டணங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி (பீனிக்ஸ்):
முழுவதும் அணைக்க முடியவில்லை, ஐயா. கூரியர் கட்டணத்தைச் சுழியமாக வைத்து, பின்னர் தெரிவிப்பேன் என்று விவரத்தில் எழுதினேன். அதை யார் படிக்கிறார்கள்?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
எனக்குக் கவலை தருவது வேறு. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், வாங்கிய பொருளை 7 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமையை வாங்குபவருக்கு அளித்தாலும், ஏலத்தில் வாங்கியவற்றுக்கு அந்த உரிமை பொருந்தாது. புதிய பக்கமோ ஏலப் பொருளுக்கும் நிலைவிலைப் பொருளுக்கும் ஒரே மாதிரிப் பற்றுச்சீட்டைத் தருவதால், தகராறு வந்தால் எது எவ்வகை விற்பனை என்று காட்டுவது கடினம். ஏல முடிவுப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி, ஐயா. அந்த விலக்கை நான் அறிந்திருக்கவில்லை. இன்றிரவே பழைய விற்பனைகளையும் படமெடுக்கிறேன்.