மறு: ஹோஸ்ட் – புரவலனா, ஓம்பியா, ஏந்தியா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். ஒலி மென்பொருளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழையில், செருகிகளை (பிளகின்) உள்ளே வைத்து ஓட்டும் ஹோஸ்ட் மென்பொருளுக்கு 'ஏந்தி' என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ஹோஸ்ட் என்றால் புரவலன். இணையத்தில் அப்படித்தானே புழங்குகிறது? ஒலிக்கு மட்டும் எதற்குத் தனிச்சொல்?

இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரவலன் என்றதும் பாடி வந்தவருக்குப் பொன் கொடுத்து அனுப்புகிறவர்தான் நினைவுக்கு வருவார். கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. செருகியை வைத்திருக்கும் மென்பொருளின் வேலை அப்படி முடிவதில்லை. செருகி தானாக ஓடாது. மாதிரிவீதம் (ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை மாதிரிகள், அதாவது சாம்பிள்கள், என்பது) 44,100 என்றும், ஒரு தவணைக்கு 64 மாதிரிகள் என்றும் வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 689 முறை அந்த மென்பொருள் செருகியைக் கூப்பிட்டு, 'இந்தா 64 மாதிரி, வேலையை முடித்துக் கொடு' என்கிறது. கூப்பிடுவது ஒரு முறை தவறினாலும் ஒலியில் 'டிக்' என்று விழும். கையில் ஏந்திக்கொண்டே இருக்கிற வேலை இது. அதனால்தான் 'ஏந்தி' என்றேன். (ஒரு தடவையில் கொடுக்கும் மாதிரிக் கொத்தான பஃபருக்குத் 'தவணை' என்பதைப் போகிறபோக்கில் எழுதினேன். பிடித்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.)

'ஓம்பி' என்று சொன்னவருக்கு: நல்ல சொல்தான். ஆனால் உயிரியலில் 'ஓம்புயிர்' என்பது ஒட்டுண்ணியோடு சேர்ந்தே வரும் சொல். செருகி ஒட்டுண்ணி இல்லையே. அப்புறம், 'ஏந்தி' வினையெச்சமாகவும் படிக்கப்படுமே என்ற தடை. 'வழங்கி'யும் அப்படித்தான் இருக்கிறது. செர்வருக்கு அதை எழுதுகிறோம், யாரும் குழம்பவில்லை.

சரி, இனி இந்த இழையின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ஒலிப்பதிவு மென்பொருளில் ஏந்தியும் செருகியும் ஒரே மொழி பேசுகின்றன: மிடி (சுரங்களை எண்களாக அனுப்பும் முறை) எண்களும் ஒலி மாதிரிகளும். தனித்தனிக் கூறுகளைக் (மாட்யூல்) கம்பியால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாட்யூலர் மென்பொருளில் எல்லாமே மின்னழுத்தம். 2017இல் வெளிவந்த விசிவி ராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது டோப்ஃபர் நிறுவனம் 1990களில் தொடங்கிவைத்த யூரோராக் என்ற மாட்யூலர் வன்பொருளைத் திரையில் நடத்திக் காட்டுகிறது. மின்சாரம் ஓடாவிட்டாலும் கணக்கு வோல்ட்டில்தான். ஒரு வோல்ட் ஏறினால் சுரம் ஒரு எண்மம் (ஆக்டேவ்) ஏறும். சுரம், தாளம், ஒலி, குமிழின் நகர்வு எல்லாம் ஒரே வகைக் கம்பியில் போகும், எதையும் எதிலும் செருகலாம். அதற்குள் விஎஸ்டி என்ற வகைச் செருகி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும் கூறு, இரண்டு ஊருக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. வோல்ட்டை வாங்கி மிடி எண்ணாக்க வேண்டும். குமிழுக்கு வரும் அழுத்தத்தை 0 முதல் 1 வரையிலான எண்ணாக்க வேண்டும். திரும்பி வரும் ஒலியை மறுபடி வோல்ட்டாக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் எது தொலைகிறது என்பதை என் பின்னலிலேயே பார்த்தேன். (கூறுகளைக் கம்பியால் இணைத்த அமைப்பான பேட்ச் என்பதற்கு 'ஒட்டு' வேண்டாம், 'பின்னல்' வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே யாரும் எதையும் ஒட்டவில்லை, கம்பி பின்னுகிறோம்.) சுரக்கம்பியில் மெல்லிய நடுக்கம் வேண்டும் என்று, ஒரு மெதுவான அலையை 0.02 வோல்ட் அளவுக்குக் கலந்துவிட்டேன். அரைச்சுரம் என்பது 0.083 வோல்ட், ஆகவே இது அதில் கால்பங்கு. ராக்கின் சொந்த அலையியற்றியில் (ஆசிலேட்டர்) அழகாக நடுங்கியது. அதே கம்பியைச் செருகிக்குக் கொடுத்தேன். நடுக்கம் அடியோடு காணோம். மிடியின் சுர எண் முழு எண், ஏந்திய கூறு அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றிவிட்டது. அலையை 0.1 வோல்ட்டுக்கு ஏற்றினேன். நடுங்க வேண்டிய சுரம் படிக்கட்டில் ஏறி இறங்குவதுபோல் தனித்தனிச் சுரமாகத் தட்டியது.

ஆகவே என் முன்மொழிவு: பொதுவாக ஹோஸ்ட் மென்பொருளுக்கு 'ஏந்தி'. மாட்யூலருக்குள் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் அந்தக் கூறுக்கு 'ஏந்துகூறு'. பயனர் கையேட்டில் 'இந்தச் சிக்கல் ஏந்துகூறில் வருவது, செருகியில் வருவது அல்ல' என்று எழுத முடிய வேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

இன்னொரு முட்டல். ராக்கில் கூறுகளைக் கட்டாகச் சேர்த்துத் தரும் கோப்புக்கும் பிளகின் என்றே பெயர். அங்கே 'செருகி' என்று எழுதினால் விஎஸ்டியா, கூறுகளின் கட்டா என்று படிப்பவர் திணறுவார். அதற்குக் 'கூறுக்கட்டு' என்று எழுதிவிடலாம். செருகி என்பது விஎஸ்டி, கிளாப், எல்வி2 போன்ற செருகி வடிவங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

> எஃபெக்ட் = விளைவு. சின்தசைசர் = இசைத்தொகுப்பான்.

இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. விளைவு என்றால் பின்னால் வருவது, பக்கவிளைவு மாதிரி. எதிரொலிச் செருகி எதனுடைய விளைவு? நம் புணர்ச்சி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரங்கள் உண்டு. இந்தச் செருகிகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. சுரக்குறிப்பை வாங்கி இல்லாத ஒலியைத் தோற்றுவிப்பது ஒன்று, வந்த ஒலியைத் திரித்துக் கொடுப்பது இன்னொன்று. வடிப்பான் சில அதிர்வெண்களைக் கெடுக்கிறது. ஆகவே 'ஒலிதோற்றி', 'ஒலித்திரிப்பி'. திரிப்பது என்றால் பொய் சொல்வது என்ற வாடை அடிக்கிறது என்பீர்கள். நூல் திரிக்கும் கையை நினைத்துப் பாருங்கள், அந்த வாடை போய்விடும். இன்னொன்றும் உண்டு. 1996இல் ஸ்டைன்பர்க் விஎஸ்டியை வெளியிட்டபோது அதில் திரிப்பிகள் மட்டுமே. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் செருகிகள் மிடியை வாங்கத் தொடங்கின, தோற்றிகளும் வந்தன. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல அன்றைக்கே காரணம் இருந்தது.

ஒலி மென்பொருளைக் கடந்து வர ஆகும் நேரமான லேட்டன்சிக்குத் 'தாமதம்' என்று எழுதியவரிடம் ஒரு வேண்டுகோள். டிலே என்ற திரிப்பி வேறு இருக்கிறதே. அது நாம் விரும்பிப் போடுவது. லேட்டன்சி கேட்காமல் வருவது. அதற்குச் 'சுணக்கம்' சரியாக உட்காரும். ராக்கின் கம்பியில் சுணக்கம் ஒரே ஒரு மாதிரியின் நேரம்தான். 64 மாதிரித் தவணையில் ஓடும் ஏந்துகூறைக் கடந்தால் 1.45 மில்லிவிநாடி. நேரே ஒலிக்கும்போது இது காதுக்குத் தெரியாது. வெளிவரும் ஒலியை மறுபடி உள்ளே விட்டுச் சுழலவிட்டால்தான் தெரியும்: ஒரு சுற்றுக்கே அந்த 1.45 மில்லிவிநாடி ஆகிவிடுவதால், அந்தச் சுழலின் அடிப்படைச் சுரம் 689 ஹெர்ட்ஸைத் தாண்டாது, நீங்கள் எந்தக் குமிழைத் திருகினாலும். சுழல் வேண்டுமென்றால் ராக்கின் சொந்தக் கூறுகளிலேயே கட்டுங்கள்.

செருகியைத் தொடாமல் ஒலியைக் கடத்திவிடும் பைபாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், 'புறவழி' கையில் தயாராக இருக்கிறது.

மிச்சம் இருப்பது வெட்–டிரை குமிழ், அதாவது திரித்த ஒலியையும் திரிக்காத ஒலியையும் எந்த அளவில் கலப்பது என்று வைக்கும் குமிழ். 'ஈரம்–உலர்' என்று யாரும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், தமிழில் படிப்பவருக்கு அது ஒலியைப் பற்றி எதுவும் சொல்லாது. 'நேரொலி–திரியொலி' என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, குமிழின் கீழ் இடம் போதவில்லை. இப்போதைக்கு என் வரைவில் 'நேர்–திரி' என்று போட்டிருக்கிறேன். இதைவிடக் குட்டியாக யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்